கணினி அமர்வு: தொடங்குவதும் முடிவதும்

நம் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு வேலை பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறி வருவதை அங்கத்தினர்கள் அனைவரும் அறிவார்கள். நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் 29-ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கென வகுக்கப்பட்ட தொகை 2,516 கோடி ரூபாய். சங்கங்கள் யாவும் நபார்டு வங்கியின் பொறுப்பில் அமைந்த ஒரு பொது மென்பொருளில் கணக்கெழுத வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. கரிசல் காட்டு விவசாயி தம் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு பதிவதும், பி.எம். கிசான் தவணை வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதும் இன்று வலைத்தளத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. நெசவாளர் சங்கம் அரசின் மின்சந்தையான ஜெம் தளத்தில் துணி விற்பதும் அவ்விதமே.

இவை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வகுப்புகள் நடந்திருக்கின்றன. அவ்வகுப்புகளில் எவ்வாறு உள்ளே நுழைவது என்பதை மிகவும் சிரத்தையுடன் கற்பித்தார்கள். பயனர் பெயரை இங்கே இடவேண்டும், கடவுச்சொல்லை அங்கே இடவேண்டும், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைப் பார்த்து எழுதவேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். வெளியே வருவதைப் பற்றிக் கற்பித்தவர்கள் குறைவு. திரையின் வலது மேல் மூலையில் 'லாக்-அவுட்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை அழுத்தினால் என்ன ஆகும், அழுத்தாமல் எழுந்து போனால் என்ன ஆகும் என்று கேட்டால் பத்து அங்கத்தினர்களில் ஒன்பது பேருக்கு விடை தெரிவதில்லை. ஊழியர்களிலும் பலருக்குத் தெரிவதில்லை. ஒருவர் பெயரில் மற்றொருவர் எழுத இடம் கிடைப்பது இந்த அறியாமையினால்தான். ஆகையால் இக்கட்டுரையில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும் வரையுள்ள இடைக்காலத்துக்குக் கணினித் துறையில் 'செஷன்' என்று பெயர். தமிழில் அதை அமர்வு என்கிறார்கள்.

மறதியுள்ள குமாஸ்தா

கணினியில் நுழைவதும் வெளியேறுவதும் வலைத்தளங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961-இல் கோர்பாட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே கணினியைப் பலர் ஒரே சமயத்தில் உபயோகிக்கும் முறையைச் செயல்படுத்திக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் கம்பியால் அக்கணினியோடு இணைந்த தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தார்கள். நுழையும்போது 'லாகின்', எழும்போது 'லாக்-அவுட்' என்று தட்டினார்கள். எந்தக் கம்பியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கணினி நேராகவே அறிந்திருந்தது. அங்கே அமர்வு என்பது உண்மையாகவே ஒருவர் அமர்ந்திருப்பதுதான்.

வலைத்தளம் அப்படிப்பட்டதன்று. ஜெனீவாவின் அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் இதை முன்மொழிந்து, 1991-இல் வெளியுலகின் உபயோகத்துக்குக் கொடுத்தார். விஞ்ஞானிகள் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர் எடுத்துப் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் எனப்படும் தொலைவிலுள்ள கணினி அதைக் கொடுக்கும். கொடுத்தவுடன் கேட்டவரை மறந்துவிடும். அடுத்த பக்கத்தை அவரே கேட்டாலும் புதிய ஆள் ஒருவர் கேட்பதாகவே கொள்ளும். கேள்வி ஒன்றுக்கு விடை ஒன்று, அத்தோடு உறவு முடிந்தது. இந்த மறதி ஒரு குறையாக அமைந்ததன்று. யாரையும் நினைவில் வைத்திருக்க வேண்டாம் என்பதால்தான் ஒரு சிறிய கணினி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சளைக்காமல் விடை கொடுக்க முடிந்தது. வலைத்தளங்கள் உலகெங்கும் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

ஆயினும் குறிப்புப் படிப்பதற்கு உகந்த இம்முறை கொடுக்கல் வாங்கலுக்கு உதவாது. சங்கத்துக்கு வந்த அங்கத்தினர் தம் பெயரையும் கணக்கு எண்ணையும் சொல்லி, கையொப்பம் இட்டு, தம் கடன் நிலுவை எவ்வளவு என்று கேட்கிறார். குமாஸ்தா சொல்கிறார். "அதில் வட்டி எவ்வளவு?" என்று அடுத்து கேட்டால், "ஐயா, தாங்கள் யார்?" என்று குமாஸ்தா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி பெயர், மறுபடி கையொப்பம் என்றால் அந்த அலுவலகத்தில் வேலை நடக்குமா? வலைத்தளத்தின் நிலை அப்படித்தான் இருந்தது.

சீட்டு முறை

இதற்கு வழி கண்டவர் நெட்ஸ்கேப் என்ற நிறுவனத்தில் இருந்த லூ மொன்டுல்லி. 1994-இல் அவர் வகுத்த உபாயத்துக்குக் 'குக்கி' என்று பெயர். தின்னும் பிஸ்கோத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரப்படும் அடையாளத் துண்டுக்குக் கணினிக்காரர்கள் முன்பே இட்டிருந்த செல்லப் பெயர் அது. கடையில் பொருள்களைத் தேர்ந்தெடுப்பவருடைய கூடையில் என்ன இருக்கிறது என்பதை வலைத்தளம் மறக்காமல் இருக்க வேண்டும் என்பதே அப்போது அவர்களுக்கு இருந்த தேவை.

இந்த உபாயம் நம் பகுதி விவசாயிகளுக்குப் புதியதன்று. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் பருத்தியோ வற்றலோ கொண்டு போகிறோம். வாசலில் பெயர், ஊர், பொருள் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, ஓர் எண் எழுதிய சீட்டைக் கொடுக்கிறார்கள். அதன்பின் எடை போடும் இடத்திலும், ஏலம் நடக்கும் இடத்திலும், பணம் பட்டுவாடா செய்யும் இடத்திலும் நம் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. சீட்டின் எண்ணைப் பார்க்கிறார்கள். எண்ணைக் கொண்டு பதிவேட்டைப் புரட்டினால் எல்லா விவரமும் கிடைத்துவிடுகிறது.

வலைத்தளத்திலும் நடப்பது இதுவே. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தவுடன் சர்வர் அவற்றைச் சரிபார்க்கிறது. சரியாக இருந்தால் தன் பதிவேட்டில் ஒரு புதிய வரியைத் திறக்கிறது. இன்னார், இத்தனை மணிக்கு வந்தார், இன்னின்ன வேலைகளைச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு என்று அவ்வரியில் எழுதி, அதற்கு ஓர் எண்ணையும் இடுகிறது. அவ்வெண்ணைச் சீட்டாக நம் கணினியிலுள்ள பிரௌசரிடம் கொடுக்கிறது. இதுவே அமர்வின் தொடக்கம். பின்னர் நாம் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பிரௌசர் அந்தச் சீட்டைத் தானாகவே உடன் அனுப்புகிறது. மறதியுள்ள குமாஸ்தா சீட்டைப் பார்த்து, பதிவேட்டைப் பார்த்து, "ஆம், இவர் இன்னார்" என்று தெரிந்துகொள்கிறார்.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கு வேறு விதமாகவும் சொல்லலாம். சங்கத்தில் பாவும் ஊடை நூலும் வாங்கிச் செல்லும் நெசவாளரின் நூல் கணக்கு முழுவதும் சங்கத்தின் புத்தகத்தில் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில் சீட்டு என்பது அக்கணக்கின் எண் மட்டுமே. கணக்கு சர்வரிடம் இருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் விஷயம் எளிதில் விளங்கும்.

சீட்டின் எண் விற்பனைக் கூடத்துச் சீட்டைப் போல 1, 2, 3 என்று வரிசையாக இருக்கலாகாது. இருந்தால் 57-ஆம் சீட்டு வைத்திருப்பவர் 58 என்று மாற்றிச் சொல்லி அடுத்தவர் கணக்கில் புகுந்துவிடுவார். ஆகவே யாராலும் ஊகிக்க முடியாதபடி, முன்பின் தொடர்பில்லாத எண்ணாக அது இருக்க வேண்டும். கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் குறைந்த அளவாக வகுத்திருப்பது 64 பிட் என்பது. நம் கணக்கில் அது 20 இலக்கங்கள் வரை நீளும் எண். மற்றொன்றும் உண்டு. கடவுச்சொல் கொடுப்பதற்கு முன்பே வழிப்போக்கருக்குக் கொடுத்த சீட்டைச் சரிபார்த்த பின்னும் தொடர்ந்து உபயோகிக்க விடாமல், புதிய எண்ணை வழங்குவதே நல்ல தளத்துக்கு அடையாளம். இல்லையேல் தீய எண்ணமுள்ள ஒருவர் தாமறிந்த சீட்டை நம் கையில் திணித்துவிட்டு, நாம் நம்மை நிரூபித்த பிறகு அதே எண்ணைக் கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

கடவுச்சொல் ஒரே ஒருமுறைதான் போகிறது. மற்ற நேரமெல்லாம் பேசுவது சீட்டு. ஓ.டி.பி. எண்ணும் அப்படியே. அது வாசலில் சீட்டு வாங்குவதற்கான சாட்சி. உள்ளே சென்றபின் அதற்கு வேலையில்லை. வேறொரு புதிய காரியத்துக்குத் தளம் மறுபடி கேட்டால்தான் உண்டு. எனவே கடவுச்சொல்லை எவ்வளவு இரகசியமாகக் காத்தாலும், திறந்த அமர்வை விட்டு எழுந்து போனால் அந்த நாற்காலியில் வந்து உட்காருகிறவர் நாமாகிவிடுகிறார். அவர் கடவுச்சொல்லை அறிய வேண்டியதே இல்லை.

இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. 2010-இல் எரிக் பட்லர் என்ற அமெரிக்க நிரலாளர் 'ஃபயர்ஷீப்' என்ற சிறு கருவியை வெளியிட்டார். அக்காலத்தில் ஃபேஸ்புக் முதலிய பெரிய தளங்கள் கடவுச்சொல் போகும் முதற்பக்கத்தை மட்டும் மறைகுறியில் அனுப்பின. சீட்டு போகும் மற்றப் பக்கங்களைத் திறந்த கடிதம் போல அனுப்பின. காப்பிக் கடையின் பொது வை-ஃபையில் இருந்த எவரும் அக்கருவியைக் கொண்டு பக்கத்து மேசைக்காரரின் சீட்டைப் பிடித்து, அவர் பெயரில் உள்ளே நுழைய முடிந்தது. குறையைத் திருத்த வைப்பதே தம் நோக்கம் என்று அவர் கூறினார். அதன்பின் சில ஆண்டுகளில் பெரிய தளங்கள் எல்லாப் பக்கங்களையும் மறைகுறியிலேயே அனுப்பத் தொடங்கின. முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருப்பதற்கு அதுவே பொருள். ஆனால் அது வழியில் திருட்டு நேராமல் காப்பது மட்டுமே. நாற்காலியை அது காப்பதில்லை. போலித் தளம் ஒன்றும் அதே எழுத்துகளைத் தாங்கி நிற்கக்கூடும்.

எது முடிவு, எது முடிவன்று

இனி முடிவுக்கு வருவோம். விற்பனைக் கூடத்திலிருந்து சீட்டை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றால் கணக்கு தீர்ந்ததாகுமா? ஆகாது. பதிவேட்டில் நம் வரி திறந்தே இருக்கிறது. வழியில் அச்சீட்டு யார் கையிலாவது அகப்பட்டால் அவர் திரும்பிப் போய்க் காட்டலாம். வாசற்காரர் பதிவேட்டில் அவ்வரியை அடித்து, 'தீர்ந்தது' என்று எழுதினால்தான் அது செல்லாச் சீட்டாகும்.

லாக்-அவுட் என்ற பொத்தான் செய்வது அதையே. நம் பிரௌசரிலுள்ள சீட்டை அது அழிக்கிறது. சர்வரின் பதிவேட்டிலுள்ள வரியையும் அடிக்கச் சொல்கிறது. இரண்டில் முக்கியமானது பின்னது. சில மோசமான தளங்கள் சீட்டை மட்டும் கிழித்துவிட்டு வரியை அப்படியே விட்டுவிடுகின்றன. முன்பே எவரேனும் சீட்டைப் பிரதி எடுத்திருந்தால் அவருக்கு அது தொடர்ந்து பயன்படும். மென்பொருள் வாங்கும் அமைப்புகள் ஒப்பந்தத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று என்பது நம் அபிப்பிராயம்.

அங்கத்தினர்கள் முடிவென்று எண்ணுகிற சில காரியங்கள் முடிவல்ல. பக்கத்தின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடுவது முடிவன்று. பிரௌசரை முழுவதும் மூடினால் சீட்டு அழியவேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியை இயக்கிவைத்திருந்தால் இன்றைய பிரௌசர்கள் மூடும்போது சீட்டைப் பத்திரப்படுத்தி, திறக்கும்போது எடுத்துக் கொடுக்கின்றன. மின்சாரம் நின்று போவதும் முடிவன்று. மின்சாரம் நின்றுவிட்டதே என்று அங்கத்தினர் வீட்டுக்குப் போகிறார். அரைமணிக்குள் மின்சாரம் வருகிறது. அடுத்து வந்தவருக்காகக் கணினியை இயக்கினால், 'முன்பிருந்த பக்கங்களை மீட்கவா?' என்று பிரௌசர் கேட்கிறது; ஆம் என்றவுடன் முந்தையவரின் கணக்கு அப்படியே வந்து நிற்கக்கூடும். அவசரத்தில் இருப்பவர் மேலே எழுதியிருக்கும் பெயரைக் கவனிப்பாரா? தம் புல எண்ணை வேறொருவர் பதிவில் ஏற்றிவிட்டுப் போய்விட நேரிடும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போது ஒரே கணினியின் முன் நாற்பது பேர் நிற்கிற நம் ஊர்களில் இது கற்பனைக்கு எட்டாத சங்கதியன்று. இழப்பீடு வரும் காலத்தில்தான் தவறு வெளிப்படும்; அப்போது திருத்த வழியிருக்காது.

லாக்-அவுட் செய்த பிறகும் பின்செல்லும் அம்புக்குறியை அழுத்தினால் பழைய பக்கம் தெரிவதுண்டு. இதைக் கண்டு சிலர் அமர்வு முடியவில்லையோ என்று ஐயுறுகிறார்கள். அது பிரௌசர் தன் நினைவில் வைத்திருக்கும் பழைய படம்; அதில் எதையேனும் அழுத்திப் பார்த்தால் மறுபடி கடவுச்சொல்லைக் கேட்கும். ஆயினும் அந்தப் படத்தில் கணக்கு எண்ணும் நிலுவையும் பிறர் கண்ணுக்குத் தெரியுமாகையால், லாக்-அவுட் செய்தபின் பிரௌசரையும் மூடுவது நல்லது. பொதுக் கணினியில் வேலை செய்வோர் 'இன்காக்னிட்டோ' என்ற தனிச் சாளரத்தைத் திறந்து அதிலேயே எல்லாவற்றையும் செய்தால், அவ்வகைச் சாளரங்கள் அனைத்தையும் மூடியவுடன் சீட்டுகளும் படங்களும் அக்கணினியிலிருந்து நீங்கிவிடும். 'என்னை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் குறியிட்டால் சீட்டுக்குப் பல நாள் ஆயுள் கிடைத்துவிடும். சொந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் அதைத் தொடலாகாது. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று பிரௌசர் கேட்பது இன்னும் அபாயமானது. அதற்கு ஆம் என்றால் லாக்-அவுட் செய்தும் பயனில்லை. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டு வந்த கதையாகும்.

தானாக முடிவது

லாக்-அவுட் செய்ய மறந்தவர்களுக்காகவே சர்வர்கள் ஒரு காலக்கெடுவை வைத்திருக்கின்றன. கடைசியாக அச்சீட்டு எப்போது வந்தது என்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரம் வரை வராவிட்டால் வரியை அடித்துவிடும். எவ்வளவு நேரம் என்பது தளத்துக்குத் தளம் மாறும். வலைத்தளங்கள் பல எழுதப்பட்டுள்ள பி.எச்.பி. மொழியில் நிரலாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் கணக்கில் வரும் கெடு 1,440 விநாடி, அதாவது 24 நிமிஷம். ஓவாஸ்ப் என்ற சர்வதேசப் பாதுகாப்பு அமைப்பு பண மதிப்புள்ள தளங்களுக்கு 2 முதல் 5 நிமிஷமும், சாதாரணத் தளங்களுக்கு 15 முதல் 30 நிமிஷமும் வழக்கமான அளவு என்று குறிப்பிடுகிறது. வங்கித் தளம் சட்டென்று வெளியே தள்ளிவிடுவதற்கு இதுவே காரணம். இதைத் தவிர, எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்துகொண்டிருந்தாலும் இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி நுழைந்தே ஆகவேண்டும் என்ற மொத்தக் கெடுவும் பல தளங்களில் உண்டு.

இந்தக் கெடுவைப் பற்றி அங்கத்தினர்கள் ஒரு குறை சொல்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். "முக்கால் பங்கு எழுதிவிட்டேன், சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன், 'அமர்வு முடிந்துவிட்டது' என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. எழுதிக்கொண்டேதானே இருந்தேன், சும்மாவா இருந்தேன்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் படிவத்தில் நாம் எழுதுவது நம் கணினியின் திரையில்தான் இருக்கிறது. பெரும்பாலான தளங்களில், பொத்தானை அழுத்தும் வரையில் அதில் ஓர் எழுத்தும் சர்வருக்குப் போவதில்லை. புல எண்ணைத் தேடி அடங்கலைப் புரட்டியதும், ஆதார் அட்டைக்காக மகனை வீட்டுக்கு அனுப்பியதும், வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்த்ததும் நமக்கு வேலை. சர்வருக்கோ அந்த இருபத்தைந்து நிமிஷமும் மௌனம். அது ஆள் போய்விட்டார் என்று முடிவு செய்து வரியை அடித்துவிடுகிறது. ஆகையால் அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், ஓ.டி.பி. வரக்கூடிய கைப்பேசி ஆகிய யாவற்றையும் மேசைமேல் வைத்துக்கொண்ட பிறகே நுழைய வேண்டும். நடுவில் 'சேமி' என்ற பொத்தான் இருந்தால் ஒவ்வொரு பகுதி முடிந்தவுடன் அதை அழுத்த வேண்டும். அழுத்தும் ஒவ்வொரு தடவையும் சீட்டு சர்வருக்குப் போவதால் கெடுவும் புதிதாக எண்ணப்படும்.

தளம் அமைத்தோர் மீதும் குற்றமில்லாமல் இல்லை. கிராமத்து விவசாயிக்கு முப்பது கேள்விகளை ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு, முன்னறிவிப்பின்றி வெளியே தள்ளுவது நல்ல ஏற்பாடன்று. 'இன்னும் இரண்டு நிமிஷத்தில் முடியப் போகிறது, தொடரலாமா?' என்று கேட்கும் தளங்களும் இருக்கத்தான் செய்கின்றன.

கெடுவை நம்பி லாக்-அவுட் செய்யாமல் போகலாமோ என்றால், அந்த 24 நிமிஷம் பொது இடத்தில் மிக நீண்ட காலம். மேலும் அடுத்து உட்கார்ந்தவர் ஒரு பக்கத்தைத் தொட்டாலும் கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கைப்பேசியிலுள்ள செயலிகளின் நிலைமை வேறு. அவற்றுள் பலவற்றின் சீட்டுகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பணம் அனுப்பும் செயலிகள் ஒவ்வொரு முறையும் பின் எண்ணைக் கேட்பது அதனால்தான். வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு பழக்கத்தை அவசியம் குறிப்பிட வேண்டும். இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் சான்றிதழை அச்செடுப்பதற்காக அங்கத்தினர்கள் தம் வாட்ஸ்அப் கணக்கைக் கடைக்காரரின் கணினியில் இணைக்கிறார்கள். அச்சுத் தாளை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இணைப்பு அங்கேயே இருக்கிறது. கைப்பேசி வீட்டுக்குப் போய்விட்டாலும் அது அறுவதில்லை. குடும்பத்தார் அனுப்பும் செய்திகளும் படங்களும் அக்கணினியில் தொடர்ந்து வந்து விழும். இதைத் தொலைவிலிருந்தே முடிக்க வழி இருக்கிறது. கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதிக்குப் போனால் எந்தெந்தக் கணினியில் நம் அமர்வு திறந்திருக்கிறது என்ற பட்டியல் தெரியும். வேண்டாததைத் தொட்டு வெளியேற்றலாம். இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் இன்றே ஒருமுறை அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நலம். ஜிமெயில் முதலிய கணக்குகளிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதி உண்டு. கைப்பேசி தொலைந்தால் வங்கிக்குச் சொல்வதோடு இதையும் செய்ய வேண்டும்.

சங்க அலுவலகத்தில்

இதுவரை கூறியது அங்கத்தினர் தம்மைக் காத்துக்கொள்வதற்கு. சங்க அலுவலகத்துக்கு இவ்விஷயம் இன்னும் கடுமையானது. பேரேட்டுக் காலத்தில் ஒரு பதிவை யார் எழுதினார் என்பதைக் கையெழுத்தே சொல்லிவிடும். செயலாளர் எழுதியதா, எழுத்தர் எழுதியதா, பின்னால் மையை மாற்றித் திருத்தியதா என்று தணிக்கையாளர் கண்ணால் கண்டுகொள்வார். கணினியில் எல்லா எழுத்தும் ஒரே எழுத்து. எந்த அமர்வில் எழுதப்பட்டதோ அந்த அமர்வின் பயனர் பெயரே எழுதியவர் பெயராக நிற்கும். வேறு சாட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் கணினியில் இரண்டு பயனர் பெயர்களாலேயே நிலைபெறுகிறது. ஆனால் நாம் சென்ற சில சங்கங்களில் செயலாளரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மேசைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். காலையில் அவர் பெயரில் அமர்வு திறக்கிறது. மாலை வரை யார் வந்தாலும் அதில்தான் வேலை. பதிவும் அதிலே, ஒப்புதலும் அதிலே. நகைக்கடன் ஒன்று இல்லாத நகைக்கு எழுதப்பட்டால், அல்லது ஓர் அங்கத்தினரின் தவணை வேறொருவர் கணக்கில் வரவானால், ஏடு காட்டுவது செயலாளரை மட்டுமே. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவின்படி விசாரணையும், 87-ஆம் பிரிவின்படி தண்டத் தீர்வையும் வரும்போது, "அந்த நேரத்தில் நான் மத்திய வங்கிக்குப் போயிருந்தேன்" என்று அவர் சொன்னால் அதை மெய்ப்பிக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கும்! உண்மையில் குற்றம் செய்தவரோ சுலபமாகத் தப்பிவிடுவார். பிறர் கடவுச்சொல்லை நேர்மையற்ற நோக்கத்துடன் உபயோகித்தவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது என்பது சரி. ஆனால் உபயோகித்தவர் யார் என்பதை நிரூபிக்க வேண்டுமே.

ஊழியர்களை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. கணினி ஒன்று, ஆள் இரண்டு, வாசலில் கூட்டம் என்ற நிலையில் ஒவ்வொருவருக்கும் வெளியேறி மறுபடி நுழைவது சுமையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் அதற்கு ஆகும் நேரம் அரை நிமிஷம். தேநீருக்கு எழும்போது திரையைப் பூட்ட விண்டோஸ் குறியுள்ள விசையையும் 'எல்' என்ற விசையையும் சேர்த்து அழுத்தினால் போதும். அமர்வு முடியாமலே நாற்காலி பத்திரமாகும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் பெற்றுத் தருவது நிர்வாகக் குழுவின் கடமை. யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற பதிவு மென்பொருளில் கிடைக்குமாயின் மாதம் ஒருமுறை அதை அச்செடுத்துக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். விடுமுறை நாளிலும் இரவு ஒன்பது மணிக்கும் திறந்த அமர்வுகளுக்கு விளக்கம் கேட்கலாம். அங்கத்தினர்களும் பொதுப் பேரவையில் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, கணக்கு அவர்களுடையது.

கடைசியாக ஒன்று. அமர்வு முடிவது வேறு, பயனர் பெயர் முடிவது வேறு. ஒரு செயலாளர் மாறுதலாகிப் போகும் நாளில் லாக்-அவுட் செய்துவிட்டுப் போகிறார் என்றாலும், அவருடைய பெயரும் கடவுச்சொல்லும் உயிரோடிருந்தால் மறுநாள் வேறு ஊரிலிருந்து புதிய அமர்வைத் திறக்க முடியும். அவர் திறக்காவிட்டாலும் அவர் கடவுச்சொல் தெரிந்தவர் திறக்கலாம். பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இரும்புப் பெட்டிச் சாவி, ரொக்க இருப்பு, நகைப் பொட்டலங்களின் எண்ணிக்கை, உரம் இருப்பு, பேரேடுகள் என்று வரி வரியாக எழுதுகிறோம். அதே பட்டியலில், பழைய செயலாளரின் பயனர் பெயர் இன்ன தேதி இத்தனை மணிக்கு நீக்கப்பட்டது, திறந்திருந்த அமர்வுகள் யாவும் முடிக்கப்பட்டன, புதியவருக்கு இன்ன பெயர் வழங்கப்பட்டது என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒப்படைப்பவரும் பெற்றுக்கொள்பவரும் குழுத் தலைவரும் அதன் கீழ் கையொப்பமிட வேண்டும்.